மீற்றரைக் கழட்டுங்க, மூடியைத் திறங்க

பழைய இராணுவ மோட்டார் சைக்கிள் வச்சிருக்கிறவங்களுக்கு இப்ப ஒரு புது ஆசை வந்திருக்கு: ஒயில் பிரஷர் மீற்றர். பித்தளை வளையம், வெள்ளை முகம், சின்னக் கறுப்பு ஊசி. ஒன்லைனில் ஓடர் பண்ணலாம், ஒரு பின்னேரத்தில் பூட்டலாம், படம் எடுத்துப் போட்டால் நல்லா லைக் விழும். நாங்களும் பூட்டினோம். பூட்டி மூன்று கிழமைக்குள், ஒரு குறையும் இல்லாத எஞ்சினைப் பிரித்துக் கொட்டுகிற அளவுக்குப் போய்விட்டோம். அதனால் எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பி.எஸ்.ஏ. எம்20 மாதிரியான போர்க்கால பைக்குகளுக்கு அந்த மீற்றர் தேவையில்லை. சும்மா அழகுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் விட முடியாது, ஏனென்றால் அது ஆளை ஏமாற்றும்.

நாங்கள் என்றால் சிலாபத்தில் ஒன்றாகப் படித்து இப்ப வேறு வேறு கம்பஸில் இருக்கிற நாலு பேர். நாலும் ஆர்ட்ஸ். ஸ்பனரைப் பிடிக்கத் தெரியாமல் தொடங்கியவர்கள்தான். பைக் எங்களில் ஒருத்தனுடைய தாத்தாவினது. களப்புப் பக்கத்து வீட்டில் கிடுகுக் கொட்டிலுக்குள் கன வருஷமாக நின்றது. உப்புக் காற்று மட்கார்டைத் தின்றுவிட்டது, எஞ்சினை விட்டுவைத்திருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். நடுவில் டொலர் ஏறினது, பெற்றோல் கியூ, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்று கியூஆர் கோட் எல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில்தான் எங்களைப் போன்ற பலர் கொட்டிலில் நின்றதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எம்20 பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். 496 சிசி, ஒற்றை சிலிண்டர், சைட் வால்வ். வேகம் இல்லை, அழகும் இல்லை என்று சிலர் சொல்வார்கள் (நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை). இரண்டாம் உலகப் போருக்காக பேர்மிங்ஹாமில் ஏறத்தாழ 126,000 செய்தார்கள். பெரும்பாலும் செய்தி கொண்டுபோகும் சிப்பாய்களுக்கு. அந்தப் போர் எங்கட கரைக்குத் தூரமான கதையும் இல்லை. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. 1944இல் மவுண்ட்பேட்டன் தன்னுடைய தென்கிழக்காசியக் கட்டளையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தார். எங்களுக்கு வடக்கே ஐம்பது கிலோமீற்றர் அளவில், புத்தளத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு விமானத் தளமே இருந்தது. ராஜாளிய என்று பெயர். சேற்றில் இறங்கின விமானங்களை அங்கே யானை கட்டி இழுத்தார்கள், படம் இருக்கிறது, தேடிப் பாருங்க. போர் முடிந்ததும் இராணுவத்துக்கு மிஞ்சின பைக்குகளை உலகம் முழுக்க விற்றுத் தள்ளினார்கள். தோட்டத்துரை, பொலிஸ்காரர், தென்னங்காணிக் கணக்கப்பிள்ளை என்று ஒவ்வொரு கையாக மாறி, கடைசியில் ஒரு தாத்தாவின் கொட்டில்.

சரி, மீற்றருக்கு வருவோம்.

போர்க்கால எம்20இல் ஒயில் பிரஷர் காட்ட ஒன்றுமே கிடையாது. மீற்றரும் இல்லை, லைட்டும் இல்லை. இது எங்களுக்கு ஒரு குறையாகப் பட்டது. காருக்கே சிவப்பு லைட் இருக்கு, 80 வருஷப் பழசான எஞ்சினுக்கு ஒன்றும் இல்லாமல் எப்படி? அதனால் ரிலீஃப் வால்வின் மூடியில் துளை போட்டு, ஒரு மெல்லிய செப்புக் குழாய் எடுத்து, மீற்றரை ஹேண்டிலுக்குப் பக்கத்தில் பூட்டினோம். காலையில் கிக் அடித்ததும் ஊசி பாதி வட்டத்தைத் தாண்டி ஏறி நின்றது. நெஞ்சு நிறைந்துபோச்சு. முன்னேஸ்வரம் வரைக்கும் போய், கோயில் வாசலில் தேத்தண்ணி குடித்து, திரும்பி வருகிறோம். பஸ் ஸ்டாண்ட் கிட்ட ஐட்லிங்கில் நிற்கும்போது பார்த்தால் ஊசி சுழியத்தில் படுத்துக் கிடக்கு.

தள்ளிக்கொண்டே ஒரு கராஜுக்குப் போனோம். அவர் மீற்றரைத் தட்டிப் பார்த்தார், ரேஸ் பண்ணிப் பார்த்தார், "பிரஷர் நே மல்லி" என்றார். பம்ப் போச்சு, பிக் எண்டும் போயிருக்கும், எஞ்சினை இறக்கத்தான் வேணும் என்று ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகை எங்கள் நாலு பேரின் மகாபொலவையும் ஒரு வருஷத்துக்குச் சேர்த்தால்கூட வராது. இன்னொருத்தர் தடித்த ஒயில் ஊற்றச் சொன்னார். மூன்றாவது ஆள் சொன்னது இன்னும் மோசம்: ரிலீஃப் வால்வ் ஸ்ப்ரிங்குக்குக் கீழே இரண்டு வாஷர் போட்டால் ஊசி ஏறுமாம். ஏறும்தான். அதில் பொய் இல்லை.

எங்களைக் காப்பாற்றினது கடற்கரைப் பக்கம் போட் எஞ்சின் திருத்துகிற ஒரு பெரியவர். இளம் வயதில் இங்கிலீஷ் பைக்குகளில் வேலை பழகினவர் என்று யாரோ சொல்லித்தான் போனோம். அவர் மீற்றரைப் பார்க்கவே இல்லை. "ஸ்டார்ட் பண்ணி விடு மகன். ஒயில் டாங்க் மூடியைக் கழட்டு. திரும்புதா பாரு" என்றார். கழட்டினோம். மூடிக்கு நேர் கீழே ஒரு சின்னக் குழாய் வாய், அதில் இருந்து ஒயில் துப்பித் துப்பி, நுரையோடு வந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் பார்த்தார். நின்றபாடில்லை. "நல்லாத்தானே இரிக்கி. என்னத்துக்கு அந்த மணிக்கூட்டைப் பூட்டி வச்சிருக்கிறீங்க?"

மணிக்கூடு என்றுதான் சொன்னார். அன்றைக்குச் சிரித்தோம். பிறகு ஒரு மாசம் பழைய கைநூல்களை வாசித்தபோதுதான் அவர் சொன்னதன் நியாயம் பிடிபட்டது.

எங்கட வீடுகளில் பிரஷர் என்றால் அம்மம்மாவின் பிரஷர். கூடினாலும் பயம், குறைந்தாலும் பயம். அந்தப் பயத்தை அப்படியே எஞ்சினுக்கும் கொண்டுபோகிறோம். ஆனால் பம்ப் செய்வது ஒயிலைத் தள்ளுவது மட்டும்தான். தள்ளுகிற ஒயிலுக்கு வழியில் எவ்வளவு தடை இருக்கிறதோ அதுதான் பிரஷர். கிணற்று மோட்டர் ஹோஸின் வாயைப் பெருவிரலால் அடைத்துப் பாருங்க. ஹோஸ் விறைக்கும், பிரஷர் ஏறும், ஆனால் பூக்கன்றுக்குப் போகிற தண்ணீர் குறையும். விரலை எடுத்தால் பிரஷர் விழும், தண்ணீர் தாராளமாகப் போகும். மீற்றருக்குள்ளே இருப்பது வளைந்த ஒரு பித்தளைக் குழாய். அமுக்கம் வந்தால் அது நிமிரப் பார்க்கும், அந்த அசைவுதான் ஊசியைத் தள்ளுகிறது. பூக்கன்றுக்கு எவ்வளவு தண்ணீர் போனது என்பது அதற்குத் தெரிய வழியே இல்லை.

இதில் பயங்கரமான பக்கம் ஒன்றும் இருக்கு. கிராங்குக்குள்ளே இருக்கிற ஒயில் பாதை பழைய கசடால் அடைபட்டால் மீற்றர் என்ன காட்டும்? கூடுதலாகக் காட்டும். பிக் எண்ட் ஒயில் இல்லாமல் காய்ந்து சாகும்போது, மேலே ஊசி கம்பீரமாக நிற்கும். நாங்கள் படம் எடுத்துப் போட்டிருப்போம்.

எம்20இன் பிக் எண்டில் இருப்பது ரோலர் பெயாரிங். கிராங்கைத் தாங்குவதும் பந்தும் ரோலரும்தான். இந்த வகைக்கு ஒயில் நனைந்துகொண்டே இருந்தால் போதும், அமுக்கித் தள்ள வேண்டியதில்லை. அதனால் பாதை தாராளமாக இருக்கும், தடை குறைவு. சிலாபத்து வெயிலில், சூடான எஞ்சினில், தண்ணீராக இளகின ஒயில் அதற்குள் வழிந்து போகும்போது ஐட்லிங்கில் ஊசி சுழியத்துக்குக் கிட்ட விழுவது வியாதி அல்ல. காலையில் ஊசி ஏறி நின்றதற்கும் பம்பின் வீரம் காரணம் இல்லை. ஒயில் குளிர்ந்து தடித்திருந்தது, அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால், எங்களுக்குச் சந்தோஷம் தந்த அந்த நேரத்தில்தான் ஒயில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

தடித்த ஒயில், ஸ்ப்ரிங் வாஷர் என்ற இரண்டு வைத்தியமும் ஏன் பிழை என்று இப்ப விளங்கும். இரண்டும் ஊசியைத்தான் குணப்படுத்தும். பம்பைச் சுற்றுகிற பல்லுக்குக் கூடுதல் பாரம், கஸ்கட்டுக்குக் கூடுதல் பாரம், காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது உள்ளே ஒயில் போய்ச் சேரத் தாமதம்.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேணும். எல்லா எஞ்சினும் இப்படி இல்லை. ட்ரையம்ப் ட்வின்களின் பிக் எண்டில் ரோலர் கிடையாது. அங்கே உலோகமும் உலோகமும் தொடாமல் நடுவில் ஒயில் படலம் ஒன்றுதான் நிற்கிறது. பிரஷர் விழுந்தால் அந்தப் படலம் கிழியும், அதனால் பார்க்கத்தான் வேணும். முதலில் அவர்கள் பெற்றோல் டாங்கின் மேலேயே மீற்றர் வைத்தார்கள். 1949 மொடலில் ஹெட்லைட்டைச் சுற்றி ஒரு கூடு வந்தபோது அந்த மீற்றர் போய், ரிலீஃப் வால்வின் நுனியில் சின்ன பட்டன் ஒன்று வந்தது. பிரஷர் இருந்தால் பட்டன் வெளியே தள்ளி நிற்கும், இல்லையென்றால் உள்ளே போகும். ஆங்கிலத்தில் இதற்கு டெல்-டேல் என்று பெயர். நேரே சொன்னால் கோள்சொல்லி. எங்களுக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துவிட்டது.

அமெரிக்க இராணுவத்தின் ஹார்லி டபிள்யூஎல்ஏவில், போருக்காக 90,000 அளவில் செய்தது, டாஷில் ஒரு சிவப்பு லைட் உண்டு. எரிந்தால் பிரஷர் இல்லை, அணைந்தால் இருக்கு. எவ்வளவு என்று சொல்லாது. மெதுவான ஐட்லிங்கில் அது மினுங்கும், ஓட்டுகிறவர் அதற்குப் பயப்படக் கூடாது. அதற்கும் முந்தி, முதலாம் உலகப் போரில், பிரிட்டிஷ் இராணுவம் ஏறத்தாழ 30,000 ட்ரையம்ப் மொடல் எச் வாங்கியது. அதில் ஒயில் பம்ப் ஓட்டுகிறவரின் கையில். சில மைலுக்கு ஒரு தரம் ஒரு அமுக்கு அமுக்க வேணும், பின்னால் நீலப் புகை வந்தால் கூடிப்போச்சு என்று அர்த்தம். மூக்கும் கண்ணும்தான் மீற்றர்.

தமிழ் ஊரில் செய்த இராணுவ பைக் என்றால் புல்லட். 1950களின் தொடக்கத்தில் இந்திய இராணுவம் எல்லைக் காவலுக்கு அதை வாங்கியது. 1955இல் மெட்ராஸ் மோட்டர்ஸும் ரெடிச் கம்பனியும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா, பிறகு திருவொற்றியூரில் தொழிற்சாலை. பழைய புல்லட்டின் பிக் எண்டில் மிதக்கும் புஷ், ரோலர் இல்லை. அப்படிப் பார்த்தால் பிரஷர் காட்ட ஏதாவது இருந்திருக்க வேணும். ஆனால் கம்பனி ஒன்றும் வைக்கவில்லை. மெக்கானிக்மார் என்ன செய்தார்கள்? ஃபில்டர் மாற்றினால், ரொக்கருக்குப் போகிற குழாயின் போல்ட்டைக் கொஞ்சம் இளக்கி, ஒயில் கசிகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார்கள். இமயமலை வரைக்கும் ஓடின பைக்குக்கு இதுதான் பரிசோதனை. பெரியவரின் டாங்க் மூடியும் திருவொற்றியூர் போல்ட்டும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: ஒயில் ஓடுதா?

இராணுவம் ஏன் மீற்றர் வைக்கவில்லை என்பதற்கு எங்கள் ஊகம் ஒன்று. மீற்றருக்கு ஒரு குழாய் வேணும். குழாய் அதிர்வில் வெடித்தால், பிரஷரைப் பார்க்கப் பூட்டினதே ஒயிலை வெளியே கொட்டிவிடும். எங்கட செப்புக் குழாயிலும் மூட்டுக்குப் பக்கத்தில் மெல்லிய வெடிப்பு ஒன்று தொடங்கியிருந்ததைக் கழட்டும்போது கண்டோம். இன்னும் இரண்டு தரம் முன்னேஸ்வரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

"அப்ப பழைய ஆளின் கண் சரி, விஞ்ஞானம் பிழை என்கிறீங்களா?" என்று எங்கட வட்டத்தில் ஒரு நண்பி கேட்டாள். இல்லை. ஓட்டத்தைப் பார்ப்பதுதான் இந்த எஞ்சினுக்கு விஞ்ஞானம். ஆனால் மூடியைத் திறந்து பார்ப்பதற்கும் விபரம் வேணும், சும்மா எட்டிப் பார்த்தால் அதுவும் பொய் சொல்லும்.

கன நாள் நிற்கிற எம்20இல் ஒயில் டாங்கில் இருந்து மெல்ல மெல்லக் கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். டாங்கைத் திறந்தால் குறைவாகத் தெரியும். குறைகிறது என்று நினைத்து மேலே ஊற்றினால் முடிந்தது கதை. ஸ்டார்ட் பண்ணினதும் புகை ஊரை மூடும், மூச்சுக் குழாயால் ஒயில் கொட்டும். நாங்கள் செய்தோம், பக்கத்து வீட்டு அன்ரியின் காயப்போட்ட உடுப்பு சாட்சி. அப்படி இறங்கின ஒயிலைத் திரும்பி அனுப்புகிற பம்ப் முதலில் தடித்த தாரையாக அள்ளிக் கொடுக்கும். அதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று மூடக் கூடாது. அது ஏற்கனவே கீழே கிடந்த ஒயில், உள்ளே ஒயில் போகிறதற்கு அது சாட்சி இல்லை. கீழே கிடந்தது தீர்ந்த பிறகும், சில நிமிஷம் கழித்தும், துப்பித் துப்பி நுரையோடு வந்துகொண்டே இருந்தால்தான் புதிதாக உள்ளே போகிறது என்று அர்த்தம். நுரையைக் கண்டு பயப்படவும் வேண்டாம். திருப்பி அனுப்புகிற பம்ப் உள்ளே அனுப்புகிறதைவிடப் பெரிது, ஆகவே ஒயிலோடு காற்றையும் இழுக்கும். பெரியவர் ஐந்து நிமிஷம் பேசாமல் நின்றது இதற்குத்தான். அவர் யோசிக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. ரிலீஃப் வால்வின் பந்து சரியாக உட்காராவிட்டால், ஒயில் பிக் எண்டுக்குப் போகாமலேயே குறுக்கு வழியில் கீழே விழுந்து, டாங்குக்குத் திரும்பி வந்து எங்களைப் பார்த்துச் சிரிக்கும். ஆகவே வருஷத்துக்கு ஒரு தரம் அந்தப் பந்தையும் ஸ்ப்ரிங்கையும் கழட்டித் துடைத்துப் பார்ப்பது நல்லது. பந்தும் ஸ்ப்ரிங்கும் சில நூறு ரூபா வேலை. மீற்றரின் விலையைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருக்கு.

அன்றைக்குப் பெரியவர் காட்டின இன்னொன்றையும் எழுத வேணும். அவர் திருத்தின போட் எஞ்சின் ஒன்றை ட்ரம் தண்ணீருக்குள் இறக்கி ஓடவிட்டார். எஞ்சினின் பின்பக்கத்தில் இருந்து பென்சில் மொத்தத்தில் ஒரு தண்ணீர்த் தாரை பாய்ந்தது. கடலுக்குப் போகிற எவரும் எஞ்சினை இழுத்ததும் திரும்பிப் பார்ப்பது அதைத்தான். தாரை வந்தால் எஞ்சினைக் குளிரவைக்கிற தண்ணீர் சுற்றுகிறது. நின்றால் உடனே எஞ்சினை நிறுத்து. நிறுத்திவிட்டு முதலில் ஒரு கம்பியால் ஓட்டையைக் குத்திப் பார், மண்தான் அடைத்திருக்கும், எஞ்சினைக் குறை சொல்லாதே. அந்தத் தாரைக்கும் ஆங்கிலத்தில் டெல்-டேல் என்றுதான் பெயர். ட்ரையம்ப் பட்டனுக்கு வைத்த அதே பெயர். சிலாபத்துக் கடற்கரையில் ஒவ்வொரு விடியலும் நூறு பேர் செய்கிற ஒரு காரியத்தை, நாங்கள் இங்கிலாந்தில் இருந்து மீற்றர் இறக்கித் தெரிந்துகொள்ளப் பார்த்திருக்கிறோம்.

எங்கள் கோபம் உண்மையில் மீற்றரின் மேல் இல்லை. சிலாபத்தில் இந்த வேலை தெரிந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் பேசுவது பாதி சிங்களம் பாதி தமிழ், நடுவில் இங்கிலீஷ் பார்ட்ஸ் பெயர்கள். எதுவும் எழுத்தில் இல்லை. நாங்கள் இணையத்தில் தேடினால் வருவது மீற்றர் விற்கிற கடை, மீற்றர் பூட்டுகிற வீடியோ. ஒயில் நுரையோடு திரும்பினால் நல்லது என்று தமிழில் ஒரு வரி எங்கேயும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அந்தக் கராஜ் வாசலில் நாலு பேரும் முகம் செத்து நின்றிருக்க மாட்டோம். ஆகவே இனி பைக் சாமானுக்குக் காசு சேர்ப்பதோடு, சனிக்கிழமைகளில் பெரியவரிடம் போய் அவர் சொல்வதை எழுதிக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். முதல் நாளே, பந்து வால்வுக்கு அவர் சொல்கிற பெயரை எழுதினோம். இங்கே போட முடியாத பெயர்.

மீற்றரைக் கழட்டி, வால்வுக்குத் துளை போடாத மூடி ஒன்று கடைந்து பூட்டியாச்சு. மீற்றர் வேணுமென்றால் சொல்லுங்க, ட்ரையம்ப் ட்வின் வைத்திருக்கிறவருக்கு அரை விலையில் தருவோம், எம்20காரருக்குத் தரமாட்டோம். மூடியைத் திறந்து பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று மட்டும்: எஞ்சின் ஓடும்போதுதான் திறக்க வேணும், முகத்தை நேரே மேலே கொண்டுபோகாதீங்க, வெள்ளை ஷேர்ட் போடாதீங்க.